தொலைக்காட்சி நிறுவனங்கள் இணையும்போது உங்கள் கல்லூரி அணி எந்தச் சேனலில் வரும்? அமெரிக்க ஒளிபரப்பு உரிமைகளைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகள் கல்லூரி ஃபுட்பாலுக்கு உரியவை; நம் ஊர்க் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால். ஒஹாயோவிலோ டெக்சஸிலோ முதுகலை படிக்கச் சென்ற நம் ஊர் மாணவர்கள்கூட முதல் பருவத்திலேயே பல்கலைக்கழகத்தின் நிறத்தில் ஒரு சட்டை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஆட்டத்தை எந்தச் சேனலில் பார்ப்பது என்ற கேள்வியில் திணறிப்போகிறார்கள். போன ஆண்டு ஒரு சேனலில் வந்த அணி இந்த ஆண்டு இன்னொன்றில் வருகிறது. நடுவில் எங்கோ இரண்டு பெரிய ஊடக நிறுவனங்கள் இணைந்ததாகச் செய்தி வந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் இணைப்பு அறிவிக்கப்பட்ட நாளில் எந்த ஆட்டமும் சேனல் மாறுவதில்லை. பழைய ஒப்பந்தம் முடியும்வரை அப்படியே ஓடும். அது முடிந்து உரிமை மறுபடி ஏலத்துக்கு வரும்போதுதான் இணைப்பின் விளைவு தெரியும்: முன்பு ஏலம் கேட்ட இருவர் இப்போது ஒருவராகியிருப்பார்கள். அப்படி ஒரு செய்தி வந்தால் எதை முதலில் பார்ப்பது, எதைப் பொருட்படுத்தாமல் விடுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உரிமை யார் கையில் இருக்கிறது?

இங்கே ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது. 1984 வரை கல்லூரி ஃபுட்பால் ஒளிபரப்பு முழுவதும் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பின் கையில் இருந்தது. எந்த அணி எத்தனை முறை திரையில் தோன்றலாம் என்று அதுவே தீர்மானித்தது. கடைசித் திட்டத்தின்படி எவ்வளவு பெரிய அணியானாலும் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் தொலைக்காட்சியில் வரக் கூடாது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் நீதிமன்றம் சென்றன. 1984-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில், அந்தக் கட்டுப்பாடு ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் வைட், இளமையில் தாமே புகழ்பெற்ற கல்லூரி ஃபுட்பால் வீரர்.

அன்றிலிருந்து உரிமை பல்கலைக்கழகங்களிடமும் அவை சேர்ந்து அமைத்துக்கொண்ட கான்ஃபரன்ஸ்களிடமும் இருக்கிறது. கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் பருவம் முழுவதும் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு. எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. ஆகிய நான்கும் இன்று பெரியவை. உறுப்புக் கல்லூரிகள் தங்கள் உரிமையை ஒரு பத்திரத்தில் கான்ஃபரன்ஸிடம் ஒப்படைக்கின்றன. கான்ஃபரன்ஸ் அதை மொத்தமாகத் தொலைக்காட்சிக்கு விற்கிறது. ஒரு கல்லூரி இடையில் விலகினாலும் சொந்த மைதானத்தில் ஆடும் ஆட்டங்களின் உரிமை பழைய கான்ஃபரன்ஸிடமே தங்கிவிடும் என்பதுதான் அந்தப் பத்திரத்தின் பிடி. ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் இந்தப் பிடியை எதிர்த்து ஏ.சி.சி.யோடு வழக்காடி, 2025 மார்ச்சில்தான் சமரசத்துக்கு வந்தன.

இதில் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தக்கூடிய விதி ஒன்றுதான்: ஆட்டம் யாருடைய மைதானத்தில் நடக்கிறதோ அவர்களுடைய கான்ஃபரன்ஸின் ஒப்பந்தமே செல்லும். உங்கள் அணி வெளியூருக்குப் போனால் சேனலும் மாறலாம். இரண்டு விதிவிலக்குகள் உண்டு. மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டித் தொடர் இன்றும் என்.சி.ஏ.ஏ.யின் சொத்து. ஃபுட்பால் பட்டத்தை முடிவுசெய்யும் பிளே-ஆஃப் என்.சி.ஏ.ஏ.க்குச் சொந்தமில்லை, கான்ஃபரன்ஸ்களும் நோட்டர் டேம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் தனி அமைப்பு அதை விற்கிறது.

1961-இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். என்.எஃப்.எல். போன்ற தொழில்முறை லீக்குகள் எல்லா அணிகளின் உரிமையையும் ஒன்றாகத் திரட்டி விற்க அந்தச் சட்டம் விலக்கு தந்தது. கல்லூரிகளுக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே விற்கும் பக்கம் முழுவதும் ஒன்றுசேர முடியாது. வாங்கும் பக்கத்தில் நிலைமை வேறு: அரசு அனுமதித்தால் இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகிவிடலாம். இந்தச் சமனின்மைதான் முழு விஷயத்தின் ஆணிவேர் என்று நான் கருதுகிறேன். கடந்த சில ஆண்டுகளாகக் கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் விட்டு கான்ஃபரன்ஸ் தாவுவதைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வாங்குபவர்கள் பெருக்க, விற்பவர்களும் சட்டம் அனுமதிக்கும் ஒரே வழியில் பெருத்துக்கொண்டார்கள். 2024 முதல் பிக் டென்னில் 18 பல்கலைக்கழகங்கள், எஸ்.இ.சி.யில் 16.

இரண்டாம் படி: ஒப்பந்தம் யாரோடு, எந்த ஆண்டு வரை?

இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது. எந்த இணைப்புச் செய்தி வந்தாலும் முதலில் இந்தத் தாளைப் பாருங்கள்.

எஸ்.இ.சி. – டிஸ்னி (ஏ.பி.சி., இ.எஸ்.பி.என்.). 2024-இல் தொடங்கிய பத்தாண்டு ஒப்பந்தம்.
பிக் டென் – ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. 2023-இல் தொடங்கி 2029-30 பருவம் வரை; மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். பிக் டென் நெட்வொர்க் என்ற தனிச் சேனலில் பெரும்பங்கு ஃபாக்ஸுடையது.
பிக் 12 – இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ். 2030-31 வரை.
ஏ.சி.சி. – இ.எஸ்.பி.என். 2036 வரை.
நோட்டர் டேம் – என்.பி.சி. 1991 முதல் தொடர்கிறது. இப்போதைய ஒப்பந்தம் 2029 வரை.
ஃபுட்பால் பிளே-ஆஃப் – இ.எஸ்.பி.என். 2031-32 வரை.
மார்ச் கூடைப்பந்து – சி.பி.எஸ்.ஸும் டி.என்.டி.யும் கூட்டாக. 2032 வரை.

ஆண்டுகளைக் கவனியுங்கள். ஏ.சி.சி.யையும் எஸ்.இ.சி.யையும் விட்டால் மற்றவை எல்லாம் 2029-க்கும் 2032-க்கும் நடுவே வந்து குவிகின்றன. அதனால் இப்போது நடக்கும் ஒவ்வொரு இணைப்பையும் அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் ஏலம் கேட்க யார் மிஞ்சியிருப்பார்கள் என்ற கேள்வியோடு படிக்க வேண்டும்.

மூன்றாம் படி: எந்தத் துண்டு எந்தப் பக்கம் போகிறது?

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. நிறுவனத்தின் பெயரைப் பார்த்து உரிமையும் அதோடு போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பெரிய ஊடக நிறுவனங்கள் அபூர்வமாகவே முழுசாக விற்கப்படுகின்றன. எந்தச் சேனல் விற்பனையில் சேர்ந்தது, எது சேரவில்லை என்பதை அறிக்கையின் இரண்டாவது மூன்றாவது பத்தியில் தேட வேண்டும்.

டிஸ்னி 2019 மார்ச்சில் ட்வென்டி ஃபர்ஸ்ட் சென்சுரி ஃபாக்ஸை 7,130 கோடி டாலருக்கு வாங்கியதை எடுத்துக்கொள்வோம். இ.எஸ்.பி.என். உரிமையாளர் ஃபாக்ஸை வாங்கிவிட்டார், இனிக் கல்லூரி விளையாட்டு முழுக்க ஒரே கையில் என்று பலர் அப்போது நினைத்தார்கள். நடந்தது வேறு. ஃபாக்ஸ் ஒளிபரப்பு நெட்வொர்க், எஃப்.எஸ்.1 சேனல், பிக் டென் நெட்வொர்க்கின் பங்கு ஆகியவை விற்பனையில் சேரவே இல்லை. அவை ஃபாக்ஸ் கார்ப்பரேஷன் என்ற புதிய நிறுவனமாகப் பிரிந்து நின்றன. அமெரிக்காவின் நான்கு பெரிய ஒளிபரப்பு நெட்வொர்க்குகளில் இரண்டு ஒன்றாகக் கூடாது என்று தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதி இருந்ததால், ஏ.பி.சி.யை வைத்திருந்த டிஸ்னி ஃபாக்ஸ் நெட்வொர்க்கை வாங்கியிருக்கவும் முடியாது. இன்று இ.எஸ்.பி.என்.னுக்கு எதிராகக் கல்லூரி உரிமைகளை ஏலம் கேட்கும் மிகப்பெரிய போட்டியாளர் அந்தப் பிரிந்து நின்ற ஃபாக்ஸ்தான்.

ஆனால் அதே இணைப்பு வேறோர் இடத்தில் ஆழமாக வெட்டியது. ஃபாக்ஸிடம் இருந்த 22 வட்டார விளையாட்டுச் சேனல்களை விற்றுவிட வேண்டும் என்று நீதித்துறை நிபந்தனை போட்டது. அவற்றில் 21 சேனல்களை 2019 ஆகஸ்டில் சின்கிளேர் நிறுவனம் வாங்கியது. வாங்கியதில் பெரும்பகுதி கடன். கேபிள் சந்தாதாரர்கள் குறைந்துகொண்டே போன காலம் அது. அந்தச் சேனல்களை நடத்திய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது.

இதற்கும் கல்லூரிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஏ.சி.சி.யின் ஒரு பகுதி ஆட்டங்கள் நெடுங்காலம் அந்த வட்டாரச் சேனல்களில்தான் வந்துகொண்டிருந்தன. ஏ.சி.சி. இ.எஸ்.பி.என்.னுக்கு விற்றது, இ.எஸ்.பி.என். ஒரு பகுதியை ரேகாம் நிறுவனத்துக்கு உள்குத்தகைக்கு விட்டது. ரேகாம் அதை ஃபாக்ஸின் வட்டாரச் சேனல்களுக்குக் கொடுத்தது. டிஸ்னி-ஃபாக்ஸ் இணைப்பால் அந்தச் சேனல்கள் சின்கிளேரிடம் சென்றன. திவால் மனுவுக்குப் பின் 2023-இல் ரேகாம் அந்த ஆட்டங்களை தி சி.டபிள்யூ. நெட்வொர்க்குக்கு மாற்றியது. சி.டபிள்யூ.வோ அதற்கு முந்தைய ஆண்டில்தான் நெக்ஸ்டார் என்ற நிலைய நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. ரசிகர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சேனல் மாறிவிட்டது என்பது மட்டுமே. அதன் பின்னால் இத்தனை கைமாற்றங்கள் இருந்தன. உங்கள் அணி திடீரென்று பழக்கமில்லாத ஒரு சேனலில் தென்பட்டால் இப்படிப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் எங்கோ ஓர் இணைப்போ ஒரு கடனோ அகப்படும்.

பிரிவினைகளையும் இணைப்புகளைப் போலவே படிக்க வேண்டும். காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம் 2011-இல் என்.பி.சி. யுனிவர்சலின் பெரும்பங்கைப் பெற்றது. தன்னிடமிருந்த வெர்சஸ் சேனலை என்.பி.சி. ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க் என்று பெயர் மாற்றியது. 2021 இறுதியில் அதை மூடியும் விட்டது. பின்னர் யு.எஸ்.ஏ. நெட்வொர்க் உள்ளிட்ட தன் கேபிள் சேனல்களில் பெரும்பாலானவற்றை வெர்சன்ட் என்ற தனி நிறுவனமாக 2026 ஜனவரியில் பிரித்துவிட்டது. என்.பி.சி.யும் பீகாக் ஸ்ட்ரீமிங்கும் காம்காஸ்டிடமே இருக்கின்றன. ஆகவே பிக் டென், நோட்டர் டேம் ரசிகருக்கு அந்தப் பிரிவினையால் பெரிய மாற்றம் இல்லை.

பயிற்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு 2025 டிசம்பரில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரிக்காக வந்த இரண்டு முன்மொழிவுகள். நெட்ஃபிளிக்ஸின் திட்டத்தில் ஸ்டுடியோக்களும் எச்.பி.ஓ.வும் மட்டுமே அதனிடம் செல்லும்; டி.என்.டி. முதலிய சேனல்கள் தனி நிறுவனமாகப் பிரியும். சி.பி.எஸ்.ஸின் உரிமையாளரான பாராமவுண்ட் முன்வைத்ததோ முழு நிறுவனத்தையும் வாங்கும் திட்டம். கடனையும் சேர்த்து மதிப்பு ஏறத்தாழ 10,840 கோடி டாலர். சினிமா ரசிகர்கள் யார் எந்த ஸ்டுடியோவை வாங்குவார்கள் என்று பார்த்தார்கள். கல்லூரி விளையாட்டு ரசிகர் பார்க்க வேண்டியது டி.என்.டி.யை. முதல் திட்டத்தில் அது தனியாக நிற்கும். இரண்டாவதில் சி.பி.எஸ்.ஸோடு ஒரே கூரையின் கீழ் வரும்.

அப்படி வந்தால் மார்ச் கூடைப்பந்துக்குக் கேடா? உடனடியாகப் பெரிதாக இல்லை என்பது என் எண்ணம். 2010-லிருந்தே சி.பி.எஸ்.ஸும் டி.என்.டி.யை உள்ளடக்கிய டர்னர் சேனல்களும் அந்தத் தொடருக்குக் கூட்டாகத்தான் ஏலம் கேட்கின்றன. ஏற்கெனவே ஒருவர் போலத்தான் நடந்துகொள்கிறார்கள். மற்ற ஏலங்களில் இழப்பு அதிகம். டி.என்.டி. அண்மையில்தான் கல்லூரி விளையாட்டில் புதிய வாங்குபவராகக் கால் பதித்தது. 2025 முதல் பிக் ஈஸ்ட் கூடைப்பந்து ஆட்டங்களை எடுத்துக்கொண்டது. பிக் ஈஸ்ட் போன்ற நடுத்தரக் கான்ஃபரன்ஸுக்கு இன்னொருவர் ஏலத்தில் கை தூக்குவதே பெரிய பலம்.

நான்காம் படி: ஒப்பந்தத்தின் நான்கு பிரிவுகள்

முழு ஒப்பந்தங்கள் அபூர்வமாகவே பொதுவெளிக்கு வருகின்றன. வழக்குகள் மூலமும் அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆவணங்கள் மூலமும் சில பகுதிகள் வெளிவரும். அப்போது தேட வேண்டியவை இவை.

உரிமை மாற்றப் பிரிவு: நிறுவனம் கைமாறினால் ஒப்பந்தம் தானாகப் புதியவரிடம் செல்லுமா, கான்ஃபரன்ஸின் சம்மதம் வேண்டுமா? குடியிருக்கும் வீடு விற்கப்பட்டாலும் வாடகை ஒப்பந்தம் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்துவது போலத்தான் பெரும்பாலும் நடக்கிறது. நிறுவனத்தின் பங்குகள் கைமாறுகின்றனவே தவிர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனம் மாறுவதில்லை. 2025 ஆகஸ்டில் ஸ்கைடான்ஸ் என்ற திரைப்பட நிறுவனம் பாராமவுண்டை எடுத்துக்கொண்டபோதும் சி.பி.எஸ்.ஸின் பிக் டென் ஆட்டங்கள் அப்படியே தொடர்ந்தன.

உறுப்பினர் மாற்றப் பிரிவு: கல்லூரிகள் சேர்ந்தாலோ விலகினாலோ தொகை எப்படி மாறும் என்பது. முன்னுரிமைப் பேச்சுவார்த்தைப் பிரிவு: வெளியாருக்கு முன்னால் பழைய ஒளிபரப்பாளரோடு மட்டும் பேச வேண்டிய காலம். இந்த இரண்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான்காவது உள்குத்தகைப் பிரிவு. இதைக் கூர்ந்து படியுங்கள். 2025 முதல் பிக் 12 ஆட்டங்கள் சில டி.என்.டி.யில் வருகின்றன. பிக் 12 அவற்றை டி.என்.டி.க்கு நேரடியாக விற்கவில்லை. வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி என்.பி.ஏ. கூடைப்பந்து உரிமையை இழந்து வழக்குப் போட்டது. 2024 நவம்பரில் சமரசம் ஆனது. அதையொட்டி இ.எஸ்.பி.என்., டி.என்.டி.யின் பிரபலமான என்.பி.ஏ. நிகழ்ச்சியைப் பெற்றுக்கொண்டு, தன்னிடமிருந்த பிக் 12 ஆட்டங்களில் ஒரு பகுதியை உள்குத்தகைக்குக் கொடுத்தது. கான்சஸிலோ அயோவாவிலோ இருக்கும் கல்லூரி ஆட்டம் எங்கே தெரியும் என்பதை ஒரு தொழில்முறை லீக்கின் வழக்கு தீர்மானித்தது. பிளே-ஆஃப் ஆட்டங்கள் சிலவற்றையும் இ.எஸ்.பி.என். 2024 முதல் இதேபோல டி.என்.டி.க்குக் கொடுத்திருக்கிறது.

ஐந்தாம் படி: அனுமதி தருபவர்கள்

இணைப்பை நீதித்துறையின் ஏகபோகத் தடைப் பிரிவோ மத்திய வர்த்தக ஆணையமோ ஆராயும். ஒளிபரப்பு நிலைய உரிமங்கள் கைமாறினால் மட்டும் எஃப்.சி.சி.யின் சம்மதமும் வேண்டும். கேபிள், ஸ்ட்ரீமிங் மட்டும் என்றால் எஃப்.சி.சி.க்கு அதிக வேலை இல்லை. போட்டி நிறுவனங்களும் நீதிமன்றம் போகலாம். டிஸ்னி, ஃபாக்ஸ், வார்னர் மூன்றும் சேர்ந்து வெனு ஸ்போர்ட்ஸ் என்ற விளையாட்டு ஸ்ட்ரீமிங் சேவையை 2024 பிப்ரவரியில் அறிவித்தன. ஃபியூபோ என்ற சிறிய ஸ்ட்ரீமிங் நிறுவனம் வழக்குப் போட, அந்த ஆகஸ்டில் நீதிமன்றம் தடை விதித்தது. 2025 ஜனவரியில் டிஸ்னி, தன் ஹுலு லைவ் டிவியை ஃபியூபோவோடு இணைத்து அதில் 70 சதவீதப் பங்கெடுக்க ஒப்பந்தம் செய்தது, வழக்கு முடிந்தது, சில நாட்களில் வெனுவும் கைவிடப்பட்டது. எதிர்த்து நின்ற நிறுவனமே கடைசியில் வாங்கப்பட்டுவிட்டது. பார்வையாளரின் பக்கத்தில் நின்று வாதாட அங்கே யாரும் மிஞ்சவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆறாம் படி: ஏலத்தில் எத்தனை பேர்?

இந்த வழிகாட்டியின் நடுநாயகம் இதுதான். பேக்-12 கான்ஃபரன்ஸுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் புரியும்.

பசிபிக் கடற்கரையில் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த கான்ஃபரன்ஸ் அது. இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் இரண்டோடும் பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தம் வைத்திருந்தது. 2024 கோடையில் முடிய வேண்டும். 2012-இல் சொந்தமாகச் சேனலும் தொடங்கியது. பிக் டென் ஃபாக்ஸையும், எஸ்.இ.சி. இ.எஸ்.பி.என்.னையும் தங்கள் சேனலுக்குத் துணை சேர்த்துக்கொண்டபோது, பேக்-12 முழுப் பங்கையும் தானே வைத்துக்கொண்டது. கொள்கையளவில் அழகான முடிவு. ஆனால் டைரக்ட் டிவி என்ற செயற்கைக்கோள் சேவையில் அந்தச் சேனல் கடைசிவரை வரவே இல்லை. பேரம் பேசப் பக்கத்தில் ஒரு பெரிய நிறுவனம் இல்லாததன் விலை அது.

2022 ஜூன் 30 அன்று யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அந்த அக்டோபரில் பிக் 12 முந்திக்கொண்டு இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸோடு ஆறாண்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. பேக்-12 சந்தைக்கு வந்தபோது வாங்கக்கூடியவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்று பாருங்கள். டிஸ்னி 2023 பிப்ரவரியில் 7,000 பேரை வேலையிலிருந்து நீக்கிச் செலவைக் குறைக்கப்போவதாக அறிவித்திருந்தது. வார்னர் மீடியாவும் டிஸ்கவரியும் 2022 ஏப்ரலில் இணைந்து உருவான நிறுவனம் ஏறத்தாழ 5,000 கோடி டாலர் கடன் சுமந்துகொண்டிருந்தது. சி.பி.எஸ்., என்.பி.சி. இரண்டும் பிக் டென்னுக்கு ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டன. கடைசியில் கையில் இருந்தது ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் திட்டம் மட்டும். அது உறுப்புக் கல்லூரிகளின் முன் வைக்கப்பட்ட சில நாட்களில், 2023 ஆகஸ்ட் 4 அன்று, ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குக் கிளம்பின. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்குப் போயின. ஒரு மாதத்துக்குள் பசிபிக் கரையில் உள்ள ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா (பெர்க்லி) பல்கலைக்கழகமும் அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏ.சி.சி.யில் சேர்ந்தன. முதல் சில ஆண்டுகளுக்கு முழுப் பங்கு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டுதான் அவை சேர முடிந்தது.

இணைப்புகள் மட்டுமே பேக்-12-ஐ வீழ்த்தின என்று சொல்ல மாட்டேன். தலைமையின் தயக்கமும் காலந்தாழ்த்தியதும் சேர்ந்துகொண்டன. ஆனால் வாங்குபவர்களில் பாதிப்பேர் முந்தைய இணைப்புகளின் கடனைக் கட்டிக்கொண்டிருக்காவிட்டால் அந்தக் கோடை வேறு மாதிரி இருந்திருக்கலாம். ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் தனியே விடப்பட்டன. இந்தக் கணக்கில் எந்தப் பங்கும் இல்லாத ஸ்டான்ஃபோர்டின் வாலிபால் வீராங்கனை இன்று கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்காக வட கரோலினா வரை பறந்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இணைப்பு முடிந்த கையோடு விளையாட்டுக்குப் பணத்தைக் கொட்டும் நிறுவனங்களும் உண்டு. ஸ்கைடான்ஸ்-பாராமவுண்ட் இணைப்பு முடிந்த சில நாட்களிலேயே யு.எஃப்.சி. கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டிகளுக்கு ஏழாண்டுக்கு 770 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. புதிய உரிமையாளருக்குத் தன் ஸ்ட்ரீமிங் சேவையை நிலைநிறுத்த எல்லோரும் தேடும் விளையாட்டு வேண்டும். அதனால் எஸ்.இ.சி., பிக் டென் இரண்டுக்கும் விலை குறையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய இரண்டுக்குச் செலவிட்டது போக மிஞ்சும் பணத்தில்தான் மற்றவர்கள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இணைப்பின் அடி விழுவது அவர்கள் மேல்.

இந்திய வாசகருக்கு இது புதிதல்ல. 2022-இல் ஐ.பி.எல். ஏலத்தில் தொலைக்காட்சி உரிமையை டிஸ்னியின் ஸ்டாரும் இணைய உரிமையை வயாகாம்18-உம் எதிரெதிரே நின்று எடுத்தன. மொத்தம் 48,390 கோடி ரூபாய். 2024 நவம்பரில் இரண்டும் ஜியோஸ்டார் ஆகிவிட்டன. அடுத்த ஏலத்தில் என்ன ஆகும் என்று கிரிக்கெட் ரசிகர் கேட்கும் அதே கேள்வியைத்தான் அங்கே ஓரிகன் ரசிகர் கேட்டார்.

ஏழாம் படி: உங்கள் வீட்டுத் திரை

பார்வையாளராக நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஏ.பி.சி., சி.பி.எஸ்., ஃபாக்ஸ், என்.பி.சி. நான்கும் காற்றலையில் இலவசமாக வருகின்றன. ஒரு சாதாரண ஆன்டெனா வாங்கி மாட்டினால் பெரிய ஆட்டங்களில் கணிசமானவற்றைச் சந்தா இல்லாமல் பார்க்கலாம். இதைப் பலர் மறந்தே போய்விட்டார்கள்.

ஸ்ட்ரீமிங் சந்தாவை மாதத்துக்கு மாதம் மட்டும் எடுங்கள். இ.எஸ்.பி.என்.னின் நேரடிச் சேவையும் ஃபாக்ஸ் ஒன்னும் ஒரே நாளில், 2025 ஆகஸ்ட் 21 அன்று தொடங்கின, மாதம் 29.99 டாலரும் 19.99 டாலரும். ஃபுட்பால் பருவம் ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும். இணைப்புப் பேச்சில் இருக்கும் நிறுவனத்தின் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள்; செயலிகள் ஒன்றோடொன்று கலக்கப்படும், பெயரும் விலையும் மாறும்.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இன்னொன்றை எதிர்பாருங்கள். சேனல் நிறுவனத்துக்கும் கேபிள் நிறுவனத்துக்கும் கட்டணத் தகராறு வந்து சேனல்கள் நிறுத்தப்படுவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். டிஸ்னி சேனல்கள் 2023 செப்டம்பரில் சார்ட்டரிலும், 2024 செப்டம்பரில் டைரக்ட் டிவியிலும், 2025 அக்டோபர் 30 முதல் நவம்பர் 14 வரை யூடியூப் டிவியிலும் நின்றன. கடைசித் தகராறில் முழுசாக இரண்டு சனிக்கிழமைகள் போய்விட்டன. கல்லூரி ஃபுட்பால் ரசிகரின் பொறுமையின்மையே அந்தப் பேரத்தில் ஆயுதம். நிறுவனம் பெருக்கப் பெருக்க ஒரே தகராறில் நிற்கும் சேனல்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. அப்படி நேர்ந்தால் உங்கள் சேவை நிறுவனத்திடம் கட்டணத் தள்ளுபடி கேளுங்கள். கேட்பவர்களுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

எட்டாம் படி: பணத்தின் தடத்தைப் பிடியுங்கள்

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ‘ஹவுஸ் எதிர் என்.சி.ஏ.ஏ.’ வழக்குச் சமரசத்தால், பல்கலைக்கழகங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர முடிகிறது. முதல் ஆண்டின் உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். அதில் பெரும்பகுதி தொலைக்காட்சிப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். கான்ஃபரன்ஸ் ஒப்பந்தத்தின் தொகை சுருங்கினால் நீச்சல், மல்யுத்தம், டென்னிஸ் அணிகளின் வரவுசெலவில் முதலில் கைவைப்பார்கள். ஆகவே உங்கள் கல்லூரியின் கணக்கை நீங்களே பார்க்கக் கற்றுக்கொள்வது வீண் வேலை இல்லை.

கான்ஃபரன்ஸ்கள் லாப நோக்கற்ற அமைப்புகளாகப் பதிவானவை. ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குப் படிவம் 990 தாக்கல் செய்கின்றன. அது பொது ஆவணம். மொத்த வருமானமும் ஒவ்வொரு உறுப்புக் கல்லூரிக்கும் பிரித்துக் கொடுத்த தொகையும் அதில் இருக்கும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் என்.சி.ஏ.ஏ.க்கு அனுப்பும் ஆண்டு நிதி அறிக்கையை மாநிலத்தின் தகவல் பெறும் சட்டத்தின்படி கேட்டு வாங்கலாம். பல பல்கலைக்கழகங்கள் தாமாகவே இணையத்தில் வைத்திருக்கின்றன. அதில் ஒளிபரப்பு உரிமை என்ற வரியைத் தேடுங்கள். வானொலி, மைதான விளம்பரம் போன்றவை தனி வரியில் இருக்கும். அந்த உரிமைகளைக் கையாளும் லேர்ஃபீல்டும் ஐ.எம்.ஜி. காலேஜும்கூட 2018 இறுதியில் இணைந்துவிட்டன என்பதை நினைவில் வையுங்கள். இந்த ஆண்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, முந்தைய மூன்று ஆண்டுகளின் எண்களோடு வைத்துப் பாருங்கள். அடுத்து ஓர் இணைப்புச் செய்தி வரும்போது, அது உங்கள் கல்லூரியின் எந்த வரியைத் தொடும் என்று உங்களுக்கே தெரியும்.